பூந்தமல்லி மாத்திரை

கருமுட்டை வளர டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கொரட்டூரில் வாங்க எனக்கு வெட்கம். கடைக்காரர் தெரிந்தவர், பக்கத்தில் நிற்பவரெல்லாம் சீட்டை எட்டிப் பார்ப்பார்கள். அதனால் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனேன். அங்கிருந்த மருந்துக்கடையில் எங்கள் மாடிவீட்டு அக்கா, அதே மாத்திரை அட்டையோடு நின்றிருந்தார்.

“இன்னாம்மா, நீயும் இத்துக்குத்தான் இம்மாந்தூரம் வந்தியா?” என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கடையே திரும்பிப் பார்த்தது.

பிறகு மாதாமாதம் சேர்ந்தே போனோம். திரும்பும்போது பஸ்ஸில் வேர்க்கடலை கொறித்தபடி, பிறக்காத பிள்ளைகளுக்குப் பெயர் வைத்துச் சண்டை போட்டோம். இன்றைக்கும் வறுத்த கடலை வாசம் வந்தால் அந்த ஜன்னலோரம்தான் ஞாபகம் வரும்.

ஒரு மாதம் எனக்கு நாள் தள்ளிப்போனது. அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. “உடம்பு சரியில்லக்கா, நீங்க போய்ட்டு வாங்க” என்றேன்.

சாயங்காலம், எனக்கும் சேர்த்து வாங்கிவந்து கதவைத் தட்டினார்.