இரண்டு தரம் தட்டும் கை

அலுவலகத்தில் அவளுக்கு ‘பில்ட் அக்கா’ என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். லிஃப்டுகளை இயக்கும் மின்பலகை செய்கிற கம்பெனி அது. பலகையில் இருக்கும் சிப் கம்பெனியின் சொந்தச் சரக்கு. வெளியே எவனுக்கும் அதன் பாஷை தெரியாது. மனிதர் எழுதும் கட்டளைகளைச் சிப்புக்குப் புரியும் எண்களாக்க ஒரு அசெம்பிளர், பழுதாகித் திரும்பி வரும் பலகையின் எண்களை மறுபடி கட்டளைகளாக்கிப் படிக்க ஒரு டிஸ்அசெம்பிளர், இரண்டையும் கம்பெனியே எழுதி வைத்திருந்தது. சிப்பில் ஒரு புதுக் கட்டளை சேர்ந்தால் போதும், மூல நிரலிலிருந்து இரண்டையும் புதிதாகக் கட்டியாக வேண்டும்; அதுதான் பில்ட்.

அதைக் கட்டத் தெரிந்த ஒரே ஜீவன் இவள்தான். மற்றவர்கள் அதே கட்டளைகளைத் தட்டினால் திரை முழுக்கப் பிழை கொட்டும். இவள் வந்து உட்கார்ந்தால் சமர்த்தாகக் கட்டிக்கொள்ளும். “கைராசி” என்றார்கள். இவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்!

அந்தப் பெருமைதான் கழுத்தை அறுத்தது. போன வருஷம் தங்கைக்கு முதுகில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்து அவள் கண் விழித்தபோது, இந்த மகராசி ஆஸ்பத்திரி மாடிப்படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பில்ட் கட்டிக்கொண்டிருந்தாள். தங்கை “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டது யாரோ ஒரு நர்ஸின் காதில் விழுந்தது. தங்கை அதைப் பற்றி இன்றுவரை வாயே திறக்கவில்லை. அதுதான் இவளை அரித்துத் தின்றது. இப்போது இரண்டாவது ஆபரேஷன். இந்தத் தடவை அவள் கண் விழிக்கும்போது எதிரே தான் இருக்க வேண்டும் என்று இவள் முடிவு செய்துவிட்டாள்.

மேனேஜரிடம் போய் நின்றாள்.

“லீவு தாராளமா எடுங்க. ஆனா போனை ஆஃப் பண்ணிட்டுப் போகணும்னா நீங்க இல்லாமலே பில்ட் ஓடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பொது மெஷின்ல தானா ஓட வெச்சுக் காட்டுங்க.”

“ஓட வெச்சுட்டா?”

“அப்புறம் உங்களை நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்?”

இது என்ன பிரமாதம் என்று நினைத்தாள். தான் கையால் செய்வதை, தானாகவே ஓடும்படி, வரிசையாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதினாள். பழையதைத் துடை, புதியதைக் கட்டு, சரிபார். ஓட்டினாள். விழுந்தது. அடுத்த நிமிஷமே கையால் கட்டிப் பார்த்தாள். சமர்த்தாகக் கட்டிக்கொண்டது! அதே மெஷின், அதே மூல நிரல், அதே கட்டளைகள். ஸ்கிரிப்ட் ஓட்டினால் மட்டும் மக்கர்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. பிழைச் செய்தி ‘கட்டளை அட்டவணை இல்லை’ என்றது. அசெம்பிளர், டிஸ்அசெம்பிளர் இரண்டுக்கும் பொதுவான கோப்பு அது, கட்டும்போதே உருவாவது. போய்ப் பார்த்தால் கோப்பு கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இருப்பதை இல்லை என்கிறதே, இதென்ன கூத்து! கோபம் வர வேண்டிய நேரத்தில் அவளுக்கு ஆசை வந்தது. இதன் குடலை உருவிப் பார்க்காமல் விடுவதில்லை என்று சனிக்கிழமையும் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை கெடுவை மேனேஜர் முனகிக்கொண்டே திங்களுக்குத் தள்ளியிருந்தார்.

மத்தியானம் தங்கை போன் செய்தாள். தையல்காரி, முதுகுவலியால் மெஷினில் உட்கார முடியாமல் பொழுது போகவில்லை அவளுக்கு. இவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

“ஏன்க்கா, எப்பவும் கடைசில மட்டும் ஏன் ரெண்டு தடவை தட்டுற?”

“எதை?”

“டக்குனு ஒண்ணு தட்டுற. கொஞ்சம் சும்மா இருக்க. மறுபடி டக் டக்குங்குற. இதோட மூணாவது வாட்டி என் காதுல விழுது.”

“போடி, ஒரு தடவைதான் தட்டுறேன்.”

“அடிப்பாவி, என் காது என்ன பொய்யா சொல்லுது?”

இவள் தன் விரல்களைப் பார்த்தபடி இன்னொரு முறை செய்தாள். திரையில் பிழை கொட்டியது. அதைப் படிப்பதற்குள் கை தானாகப் போய் ஒரு பொத்தானில் அதே கட்டளையைத் திரும்ப வரவழைத்து மறுபடி தட்டியது. இந்தத் தரம் கட்டிக்கொண்டுவிட்டது. முதல் உதையில் கிளம்பாத ஸ்கூட்டரை யோசிக்காமல் இரண்டாவது தரம் உதைப்பதில்லையா, அப்படி. இத்தனை வருஷமாகக் கைராசி என்று கொண்டாடியது இந்த இரண்டாவது தட்டைத்தான்! அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மீதி எளிதாகப் புரிந்தது. அட்டவணையை உருவாக்கும் வேலையும் அசெம்பிளரைக் கட்டும் வேலையும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அசெம்பிளர் அவசரக்குடுக்கை, அட்டவணை பிறப்பதற்கு முன்பே தேடிப் பார்த்து, இல்லை என்று விழுகிறது. விழுந்த பிறகு அட்டவணை பிறக்கிறது. இரண்டாவது முறை அது தயாராக இருப்பதால் எல்லாம் நடக்கிறது. மற்றவர்கள் பிழையைக் கண்டதும் கையை எடுத்துவிட்டு இவளைக் கூப்பிட்டார்கள். ஸ்கிரிப்டும் அதையேதான் செய்தது, பிழை வந்ததும் நின்றது.

அட்டவணை முடிந்த பிறகே மற்றவை தொடங்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாள். திங்களன்று பொது மெஷினில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மேனேஜரையே பொத்தானை அழுத்தச் சொன்னாள். இரண்டும் தாமாகக் கட்டிக்கொண்டன. ஒரு லிஃப்டின் நிரலை அசெம்பிளர் எண்களாக்கியது. டிஸ்அசெம்பிளர் அதைக் கட்டளைகளாக்கியது. அசெம்பிளர் மறுபடி எண்களாக்கியது. முதல் எண்களும் கடைசி எண்களும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன.

“ஆக, உங்க கைல ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றார் மேனேஜர்.

“இல்லவே இல்ல சார்” என்றாள், அவ்வளவு சந்தோஷமாக.

ஆபரேஷன் முடிந்து தங்கையை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா கட்டிலை விட்டு நகரவில்லை. போன் வீட்டு அலமாரியில் கிடந்தது. தங்கை மெதுவாகக் கண்ணைத் திறந்து வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள்.

“அக்காவா?”

“நான்தான்டி.”

“ஆபீஸ்?”

“அது பாட்டுக்கு ஓடுது. நான் எங்கயும் போகல.”

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்போ போன தடவைக்கு இப்பத் திட்டிக்கட்டுமா?”

“திட்டு.”

“பாவி, உன்னை எத்தனை வாட்டி கூப்பிட்டேன் தெரியுமா?” என்று ஆரம்பித்தாள் தங்கை. அக்கா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.