கீழ் வரிக்கு எந்த மொழி

எனக்குக் கொரிய மொழிப் பரீட்சை பாஸாக வேண்டும். பாஸானால் கொரியாவில் ஒரு தொழிற்சாலை வேலை, மகளுக்குப் பண்டாரவளையில் என் அக்கா வீடு, எனக்கு அடிபடாத உடம்பு. வேறு ஆசை ஒன்றும் கிடையாது.

வகுப்புக்குப் போக அவன் விடமாட்டான். அவன் என்றால் என் புருஷன். ஹல்துமுல்லைக்கு மேலே தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவன். அதனால் அக்கா கொடுத்த பழைய லாப்டாப்பில் கொரிய நாடகம் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். மேலே கொரிய எழுத்தும் கீழே நமக்குத் தெரிந்த மொழியுமாக இரண்டு வரி காட்டும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. பிரவுசரில் சேர்த்துக்கொண்டால் போதும்.

முதலில் போட்டது ஒரு சனியன். இரண்டு வரியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பேசுகிறவர் முகத்தையே மறைத்தது. அழித்துவிட்டேன். இரண்டாவது நல்ல பிள்ளை. ஒவ்வொரு வரி முடிந்ததும் தானே நிற்கும், சொல்லைத் தொட்டால் பொருள் சொல்லும். கீழே தமிழ் வைத்தேன். மெஷின் பெயர்த்த தமிழ், கேட்கவா வேண்டும்? கத்தியோடு பாய்கிற ரவுடி, "தயவுசெய்து இறந்துவிடுங்கள்" என்பான். நானும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அவன் உள்ளே வந்தான். இருட்டான காட்சி, ஆள் முகமே தெரியவில்லை. கீழ் வரி மட்டும் நின்றுகொண்டிருந்தது: "நான் அவரை விட்டுச் செல்கிறேன். தயவுசெய்து எனக்காகக் காத்திருங்கள்." அவன் அதை நான் அனுப்பிய மெசேஜ் என்று நினைத்துவிட்டான்.

"எவனுக்குடி எழுதுற?"

"ஐயோ, அது நாடகத்துல வர்ற எழுத்துங்க!"

"என்னைய விட்டுப் போறேன்னு எழுதி வச்சிருக்க. நாடகமாடி இது?"

முதல் அடி காதில், அடுத்தது வயிற்றில். அந்த வசனத்தைப் பேசிய நடிகை சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். உதை எனக்கு!

வீங்கிய காதோடு உட்கார்ந்து யோசித்தேன். அவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் பேச்சு மட்டும்தான். ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் பண்டாரவளைக் கடையில் வேலைக்கு நின்ற காலத்தில் வாசிக்கவும் பழகியிருந்தேன். அந்த நல்ல எக்ஸ்டென்ஷனில் சிங்களம் இல்லை. சிங்களம் உள்ளதாகத் தேடி மூன்றாவதைப் போட்டேன். தானே நிற்காது, பொருள் சொல்லாது, சுத்த மொக்கை. மற்றவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்களோ தெரியாது, நான் புருஷனால் வாசிக்க முடியாததைத் தேர்ந்தெடுத்தேன்.

அதில் பார்த்த ஒரு நாடகத்தில் குடிகாரத் தகப்பன் தாயை அடிப்பான். பிள்ளை, "அப்பா, ஹஜிமா!" என்று கத்தும். கொரியாவிலும் அப்பாவுக்கு அப்பாதான். ஹஜிமா என்றால் வேண்டாம், செய்யாதே. மகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வாசிக்க முடியாத எழுத்தைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் வெறி ஏறியது.

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு இப்ப சிங்களத்துல எழுதுறியா?"

லாப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தான். என் முடியைப் பிடித்துத் தலையையும் அதே சுவரில் மோதினான். மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, ஹஜிமா!"

"பிள்ளைக்கும் சொல்லிக் குடுத்திட்டியாடி?" என்று அவளை அறைந்தான். அதுவரை அவள்மேல் அவன் கை வைத்ததில்லை. உதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம்.

கதவு மூலையில் அவனுடைய கவ்வாத்துக் கத்தி இருந்தது. விரல் பருமன் கிளையை ஒரே வெட்டில் எடுக்கும் கத்தி. எடுத்தேன். அவன் பின்வாங்கிக் கால் தடுக்கி விழுந்தான். எனக்குப் பயமுமில்லை, இரக்கமுமில்லை. அவன் கழுத்தைத்தான் பார்த்தேன்.

"அம்மா, ஹஜிமா!"

கை அப்படியே நின்றது. கத்தியை வெளியே தேயிலைச் செடிகளுக்குள் வீசிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி பஸ் ஏறினேன்.

இப்போது அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் படிக்கிறேன். மறுபடி அந்த இரண்டாவது எக்ஸ்டென்ஷன்தான். ஒளிக்க ஆளில்லை, கீழே தமிழ். நேற்று ஒரு நாடகத்தில் அதே சொல் வந்தது. வரி தானே நின்றது.

"தயவுசெய்து அவ்வாறு செய்ய வேண்டாம்."

மகள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.