தொண்ணூற்றொன்றின் பிடிவாதம்

வாலு அடம்பிடித்து வென்றவை சில உண்டு. கணக்கில் இரண்டு முறை கவிழ்ந்த பிறகு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஆண்கள் மட்டுமே இருந்த சோப்புத் தொழிற்சாலையின் அடுக்கும் பிரிவில் ஓர் இடம். யாரும் தொடக் கூடாத அண்ணனின் தையல் மெஷினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடைசியாக, ஒரு கையெழுத்து.

அந்தப் பிரிவில் யாரும் பெயர் எழுதுவதில்லை. அடுக்கிய பெட்டியில் அவரவர் எண்ணை முத்திரையாகக் குத்துவார்கள். வாலு முப்பத்தேழு. பெட்டிக்கு வரைபடம் போடுகிறவர் மட்டுமே கையெழுத்திடலாம். அந்த நாற்காலி காலியானது. வந்திருந்த மூன்று ஆர்டர்களுக்கும் இடைவெளி விழாத பெட்டி சொன்னால் நாற்காலி அவளுக்கு என்றார் மேலாளர் அம்மா. இடைவெளி இருந்தால் சோப்பு ஆடி மூலை உடையும்.

வாலு எண்ணை இனி உடையாத துண்டுகளாக உடைப்பாள். முதல் ஆர்டரில் பெட்டிக்கு அறுபது சோப்பு: இரண்டு, இரண்டு, மூன்று, ஐந்து. அவற்றைச் சேர்த்தால் ஆறுக்குப் பத்து. வேறு மாதிரி சேர்த்தால் ஐந்துக்குப் பன்னிரண்டு. இரண்டாவதின் தொண்ணூறும் அப்படியே மடங்கியது. மூன்றாவது ஆர்டர், தொண்ணூற்றொரு அறைகள் உள்ள விடுதிக்கு, அறைக்கு ஒரு சோப்பாக நாளுக்கொரு பெட்டி. இரண்டு, மூன்று, ஐந்து, எதற்கும் அது மசியவில்லை.

"இது பகா எண் மேடம். ஒரே வரிசையாத்தான் வைக்கணும்."

"பெட்டியா, பாம்பா?" என்று சிரித்தார் அட்டை வெட்டுகிறவர். "தொண்ணூத்தாறுக்கு வெட்டிடறேன். அஞ்சு ஓட்டையில காகிதத்தைத் திணிச்சுக்கோ."

மேலாளரும் தலையாட்டினார். நாற்காலி பாதி கைக்கு வந்துவிட்டது.

வீட்டில் அண்ணன் காலண்டரைப் பார்த்தபடி, "பள்ளிச் சீருடைக்கு இன்னும் பதிமூணு வாரம். எத்தனை நாள்டி?" என்றான்.

"பதிமூணேழு..." வாலு அப்படியே நின்றாள். "அண்ணா!"

"என்ன, ஊசி குத்திடுச்சா?"

"தொண்ணூத்தொண்ணு! நான் ஏழால வகுத்தே பார்க்கல!"

தன் முத்திரை எண்ணை வைத்துப் பழகிய பழக்கம் அது. முப்பத்தேழுக்கு ஐந்து வரை பார்த்தால் போதும். ஏழேழு நாற்பத்தொன்பது அதைத் தாண்டிவிடும். ஆனால் தொண்ணூற்றொன்றை அது தாண்டவில்லையே!

"இப்பப் போய் தப்புன்னு சொன்னா நாற்காலி போயிடுமே அண்ணா."

"வெட்டுறதுக்கு முன்னாடி சொன்னா அளவு. வெட்டினப்புறம் சொன்னா கந்தல்."

மறுநாள் காலை மூச்சிரைக்க ஓடினாள். "கத்தியை நிறுத்துங்கண்ணே! ஏழுக்குப் பதிமூணு! தப்பு என்னுதுதான்."

"நேத்து சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னியே!" என்றார் மேலாளர்.

"நேத்து ஏழுகிட்ட கேட்கல மேடம்."

மேலாளர் மேசையில் சோப்புகளை அடுக்கத் தொடங்கினார். ஏழு வரிசை. கடைசிச் சோப்பு கடைசி மூலையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"நீயும் போய் உட்காரு. இனிமே யாரையும் கேட்காம விட்டுடாதே."

வேலையில் அவள் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2017 மார்ச் 17, வெள்ளிக்கிழமை.