பாதியில் எழுந்து போகிறவர்கள்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது, மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில், பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை.

மரம் வளர்ப்பது பற்றிய பேச்சு. எழுதிக் கொடுத்தது அப்பா. அவர் தி. நகரில் ஒரு வங்கியில் காசாளர். சாயந்திரம் வீடு திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றாமல் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போவார். துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் பேசும்போது வேண்டுமென்றே இருமுவார், கொட்டாவி விடுவார், பக்கத்தில் ஆள் இருப்பதுபோல் குசுகுசுவென்று பேசுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் சிரிக்க மாட்டார்.

“யார் எழுந்து போனாலும் நீ பாட்டுக்குப் பேசு. அவாளுக்கு ஆயிரம் வேலை இருக்கும். உனக்கு இப்போ இது ஒண்ணுதான்” என்பார்.

விழா அன்று அம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் தன் கைப்பையை வைத்திருந்தாள். அது அப்பாவுக்கு. நாலு மணிக்குள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது அவர் வந்திருக்கவில்லை. பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டு மேடையேறினேன்.

பாதிப் பேச்சில் பக்கவாட்டுக் கதவு வழியாக எங்கள் கீழ் வீட்டு மாமா உள்ளே வந்தார். குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா எழுந்தாள். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பின்னாலேயே போய்விட்டாள். கைப்பை நாற்காலியிலேயே இருந்தது.

நான் நிறுத்தவில்லை. பை இருக்கிறது, அதனால் வந்துவிடுவாள். அப்பாதான் வாசலில் வந்து நிற்கிறாரோ, இடம் காட்ட அழைத்து வரப் போயிருக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது. அவர் காதில் விழட்டும் என்று குரலை இன்னும் உயர்த்தினேன். கடைசி வரியைச் சொல்லி வணக்கம் போட்டபோது நல்ல கைதட்டல்.

ஓர் எவர்சில்வர் டிபன் டப்பா கொடுத்தார்கள். தமிழ் டீச்சர் அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு, என்னை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தார். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாசலில் நிறையச் செருப்புகள். டப்பாவோடு உள்ளே நுழைந்தேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்பா மத்தியானம் கவுண்ட்டரிலேயே சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்த வருஷம் வகுப்பில் ஒரு பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொன்னார்கள். புத்தகத்தைப் பிரித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உட்காரச் சொல்லிவிட்டார்கள். அப்படி ஆரம்பித்தது. கல்லூரியில் கருத்தரங்கு என்றால் காய்ச்சல் என்பேன். பொய் சொல்லத் தேவையே இருக்காது, நிஜமாகவே உடம்பு கொதிக்கும். சொந்தக்காரர் கல்யாணத்தில் மைக்கை நீட்டி இரண்டு வார்த்தை வாழ்த்திப் பேசு என்றபோது, கை கழுவும் இடத்துக்குப் போய் விருந்து முடியும்வரை நின்றேன். கூச்ச சுபாவம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன்.

அம்மாவும் நானும் அந்த நாளைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. அப்பாவைப் பற்றி நிறையப் பேசுவோம். அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு, அவருடைய குறட்டை, பஸ்ஸில் தொலைத்த குடைகள். அந்த நாளை மட்டும் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவோம். எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அதற்குக் காரணங்கள் வேறு. அதே வீட்டில் அம்மாவும் நானுமாகவே வருஷங்கள் போயின.

தரமணியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. புரோகிராம்களில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை, பேச வேண்டிய அவசியம் இல்லாதது. நன்றாகவே செய்தேன் என்பதால் மேலே ஏற்றினார்கள். மேலே ஏறினால் பேசியாக வேண்டும். ஒரு காலாண்டுக் கூட்டத்தில் எங்கள் பிரிவின் வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருந்தது. இரவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய் நின்றேன். நாலைந்து வாக்கியம் சரியாகத்தான் வந்தது. பின்வரிசையில் ஒருவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான். மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பக்கத்துப் பிரிவு மேலாளர் வந்து, “தொண்டை சரியில்லை போல” என்று சிரித்துச் சமாளித்து, மீதியை அவரே பேசி முடித்தார். அந்தக் கருணையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் அடையாறில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பேச்சுப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தேன். வாத்தியார் என்று யாரும் கிடையாது. எல்லாரும் என்னைப் போலப் பயந்தவர்கள். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு மெக்கானிக் வருவார், கடைக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளராக அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். “கையெழுத்துதான் போடணும்னு சொன்னானுங்க மேடம். இப்ப பேசவும் சொல்றானுங்க” என்று புலம்புவார்.

மூன்றாவதோ நாலாவதோ வாரம் என் முறை வந்தது. ஃபில்டர் காபி போடுவது எப்படி என்று பேசினேன். டிகாக்‌ஷன் இறங்குகிற இடம்வரை வந்துவிட்டேன். மெக்கானிக்கின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், நாற்காலி கிறீச்சிட எழுந்தார், வெளியே போனார்.

என் கால்கள் நிற்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஃபேனைக் கூட்டினார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அவர் திரும்பி வந்தார்.

“இன்னாச்சு மேடம்?”

என் வாயிலிருந்து வந்த கேள்வியை நானே எதிர்பார்க்கவில்லை.

“யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

அவர் முழித்தார். “யாருக்கு இன்னா ஆவணும்? சிலிண்டர் வந்துகீதாம். சாவி என்கிட்ட கீது, அதான் வூட்ல கத்திக்கினு இருக்காங்க. நீங்க இன்னாத்துக்கு மேடம் அழுவுறீங்க?”

எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் நான் எந்த மேடையிலும் பேசவே இல்லை, எதிரே இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். யார் எழுந்தாலும் எங்கோ ஒரு மரணம் நடந்துவிட்டது என்று என் உடம்பு தீர்மானித்துவிடும். நான் மறந்திருந்தேன். என் முழங்கால் மறக்கவில்லை.

அன்றே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதே அவளுக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை மூச்சு வாங்கும்.

“அம்மா, அன்னிக்கு ஸ்கூல்ல மாமா உன் காதுல என்ன சொன்னார்?”

கத்தி நின்றது. என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

“உடனே கிளம்புங்கோன்னார். வேற ஒண்ணும் சொல்லலை. அவர் மூஞ்சியைப் பார்த்தேன், புரிஞ்சுடுத்து.”

“என்னையும் கூப்பிட்டிருக்கலாமேம்மா.”

“வாசல்ல ஆட்டோ நின்னுண்டிருந்தது. மாமாவும் அதையேதான் கேட்டார், குழந்தையையும் அழைச்சிண்டு போயிடலாமான்னு. நான்தான் வேண்டாம்னேன்.”

“ஏன்?”

நறுக்கிய பீன்ஸை விரலால் ஒன்றாகச் சேர்த்தாள். அதையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

“ஸ்பீக்கர்ல உன் குரல் கேட்டுண்டே இருந்தது. நீ பேசி முடிக்கற வரைக்கும் உனக்கு அப்பா இருக்கார்டி. மேடையை விட்டு இறங்கினா இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னு தோணித்து. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.”

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“தெரு முனை திரும்பற வரைக்கும் கேட்டுது” என்றாள். “வார்த்தையெல்லாம் அவர் எழுதினதுதானே. அவரே பேசறாப்பல இருந்தது. அதுக்கப்புறம் ஆட்டோ சத்தத்துல ஒண்ணும் கேக்கலை.”

பீன்ஸைத் தட்டில் வழித்துப் போட்டுவிட்டு, “இப்போ ஞாபகம் இருக்கா அது? சொல்லேன்” என்றாள்.

ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருந்தது. சமையலறைக்கு நடுவில் நின்று, அவையோருக்கு வணக்கம் என்று ஆரம்பித்தேன். நாற்பத்து நாலு வயதில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பேச்சு. அப்பாவுக்கே உரிய பெரிய பெரிய வார்த்தைகள். பாதியில் குக்கர் கத்தியது. அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். என் பேச்சு நின்றது.

“நிறுத்தாதே. அடுப்பை அணைக்கறேன், எங்கேயும் போகலை” என்றாள்.

முடித்தேன். அவள் கைதட்டவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு சாயந்திரங்களில் அவளே என் கூட்டம் ஆனாள். நான் பேச ஆரம்பித்தால் வேண்டுமென்றே எழுந்து பால்கனிக்குப் போவாள், காலிங் பெல் அடித்ததாகச் சொல்லிக் கதவைத் திறப்பாள். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, “எங்கே விட்டே? விடலையே? பேஷ்” என்பாள். அடையாறில் விஷயத்தைச் சொன்னேன். அவர்களும் நான் பேசும்போது முறை வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மெக்கானிக் ஒருநாள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று நான் பேசி முடித்தேன். குரல் நின்றுபோகவில்லை.

அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் நானே பேசுகிறேன் என்று ஆபீசில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு அதில் என்னைவிடப் பரபரப்பு. எந்தப் புடவை என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஒரு மாதம் இருந்தபோது, ஒரு மத்தியானம், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் முதல் வேலையைப் பற்றி எங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். என் போன் அதிர்ந்தது. எதிர் வீட்டு மாமி. அந்த நேரத்தில் அவர் கூப்பிடவே மாட்டார். எடுத்தேன். “உடனே வாம்மா” என்றார்.

நான் எழுந்தேன். அந்தப் பெண் சட்டென்று பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பயந்திருக்க வேண்டும். நீ பேசு, பேசு என்று கையைக் காட்டினேன். முகத்தில் சிரிப்பைக்கூடக் கொண்டுவந்தேன் என்று நினைக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு வந்தேன். லிஃப்ட் வரும்வரை உள்ளே அவள் குரல் கேட்டது.

சாப்பிட்டுவிட்டுப் படுத்த அம்மா, தூக்கத்திலேயே போயிருந்தாள்.

பெரியப்பா பிள்ளை வந்து காரியங்களைச் செய்தான். பதின்மூன்று நாளும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நான் வேலைக்குத் திரும்பியபோது, கூட்டத்தில் வேறு யாராவது பேசட்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். நானே பேசுகிறேன் என்றேன்.

பேசினேன். அரங்கு நிறைந்திருந்தது. அம்மா எடுத்து வைத்த புடவையைக் கட்டிக்கொள்ளத் தெம்பு இல்லை, வேறு ஏதோ ஒன்று. பேச்சுக்கு நடுவில் மூன்றாவது வரிசையில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. காது அடைக்கவில்லை, நாக்கு ஒட்டவில்லை. அவர் எந்தச் சேதியைக் கேட்டுவிட்டு வந்தாலும் அது எனக்கான சேதி இல்லை. எனக்குச் சேதி வருவதற்கு இனி யாரும் மிச்சமில்லை.

என் பயம் பயிற்சியால் போனதா, அம்மா போனதால் போனதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டாவதுதான் காரணம் என்றால், அந்தப் பயம் என்னோடேயே இருந்திருக்கலாம். அதை வைத்துக்கொண்டு வாழ எனக்கு நன்றாகவே பழகியிருந்தது.

முடிந்ததும் நிறையப் பேர் கை குலுக்கினார்கள். நான் நன்றி சொன்னேன். தரமணியில் ரயில் ஏறி, மயிலாப்பூரில் இறங்கி, குளத்தைச் சுற்றி நடந்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன், விளக்கைப் போட்டேன், மீந்திருந்த சாதத்தில் மோரை ஊற்றிச் சாப்பிட்டேன். ஒரு அரங்கு நிறைய மனிதர்களிடம் பேசிய அன்று, அந்த நன்றிக்குப் பிறகு, மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும்வரை, நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.