பதினாலாம் நம்பர் காரின் நிறம்

அந்த அஞ்சலட்டையை எழுதியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. 1984-இல் நடந்த கார் ராலியில் ஓடிய பதினாலாம் நம்பர் காரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், பழையபடி ஆக்கப்போகிறார்களாம், அந்நாளில் அதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுத வேண்டுமாம். கீழே கோயமுத்தூர் முகவரி. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவள். இருந்தாலும் அப்பா பெயரில் நாலு வரி எழுதுகிற அளவுக்குத் தமிழ் மிச்சம் இருந்தது. ‘நான் பார்த்திருக்கிறேன். அதன் கலரை இன்றைக்கும் துணியில் போட்டுக் காட்டுவேன். கந்தவேல், டையிங் மாஸ்டர், மங்கலம் ரோடு, திருப்பூர்.’ பதில் கடிதம் வந்ததும் அப்பா முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதுதான் என் திட்டம்.

பதில் கடிதம் வரவில்லை. அடுத்த ஞாயிறு ஆட்களே வந்துவிட்டார்கள்.

அதற்கு முன்னால் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சாயப் பட்டறையில் துணிக்கு நிறம் கூட்டுகிற வேலை அவருக்கு. அவர் நகத்தைப் பார்த்தாலே அந்த வாரம் எந்த ஆர்டர் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். தீபாவளிக்கு மருதாணி வைக்காத குறையைக் கம்பெனியே தீர்த்துவைத்துவிடும். எதைப் பார்த்தாலும் அவருக்கு நிறம்தான். போன வருடம் என் சித்தி கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைத் திருப்பி உள்பக்கம் பார்த்துவிட்டு, இது இரண்டு தண்ணிக்குத் தாங்காது என்று அவரிடமே சொன்னார். வெளுத்த துணியின் அசல் நிறம் தையல் மடிப்புக்குள்தான் இருக்கும் என்பது அவர் தொழில் பாடம். பஸ்ஸில் போனால் சீட் உறையைக்கூட நோண்டிப் பார்ப்பார். அம்மா இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, யாரோ போலிருப்பாள்.

அப்பா இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தக் காரால்தான். குண்டடம் அவர் சொந்த ஊர், அப்போது அவருக்குப் பதினேழு வயது. சோளக்காட்டு ஓரமாக மண்ரோட்டில் கார்கள் பறந்துகொண்டிருந்தபோது ஒன்று மட்டும் டயர் வெடித்து அவர் எதிரிலேயே நின்றிருக்கிறது. தலையில் தொப்பி மாட்டிய இரண்டு பேர் இறங்கி, தொடாதே என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, ஒரு பீடி குடிக்கிற நேரத்துக்குள் சக்கரத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் காரின் ஆரஞ்சு நிறத்தை அப்பா அதற்கு முன்னால் பூவிலும் பார்த்ததில்லை, புடவையிலும் பார்த்ததில்லை. அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் திருப்பூருக்குப் பஸ் ஏறினார். மற்றவர்களெல்லாம் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வருவார்கள், இவர் கார் பார்த்துவிட்டு வந்தார் என்பாள் அம்மா.

ஏழெட்டு வருடம் கழித்து அந்த நிறத்தைத் துணியில் பிடித்தும் விட்டார். ஜெர்மன்காரன் ஒருவன் அதில் இரண்டு லட்சம் டீ சர்ட் வாங்கினான். கம்பெனி புத்தகத்தில் அதற்கு ஒரு நம்பர் உண்டு. முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அதைக் கந்தவேல் ஆரஞ்சு என்றுதான் சொல்வார்கள். வேறு எதற்கும் பெருமைப்படாத மனுசனுக்கு அது ஒன்றுதான் மீசை.

வந்தவர்கள் மூன்று பேர். சசிகுமார் என்பவர்தான் காரின் இப்போதைய சொந்தக்காரர், முப்பது வயதிருக்கும், விரலெல்லாம் கிரீஸ். பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் மொத்தமே மூன்று கார்தான் அந்த மாதிரிச் செய்தார்களாம். மிச்சமிருந்த ஒன்றைப் பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் கண்டுபிடித்திருக்கிறார். பண்ணைக்காரர் பழைய பெயிண்டைத் தகரம் தெரியச் சுரண்டிவிட்டு, நீலம் அடித்துத் தீவனம் ஏற்றிக்கொண்டிருந்தாராம். கிடைத்த போட்டோவெல்லாம் கறுப்பு வெள்ளை. கூட வந்தவர்களில் சாமியப்பன் பஸ் டிரைவராயிருந்து ரிட்டையர் ஆனவர். இன்னொருவர் திருப்பூரிலேயே நூல்கடை வைத்திருக்கும் ஜெபக்குமார், சாத்தூர்க்காரர். அன்றைக்குக் காரைப் பார்த்த மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்தால் நிறம் தெரிந்துவிடும் என்று சசிகுமார் நம்பியிருந்தார், பாவம்.

சாமியப்பன் காரைப் பார்த்தது அவிநாசியில், காலையில் ராலி கிளம்பும்போது. எலுமிச்சம்பழ மஞ்சள் என்று அடித்துச் சொன்னார். ஜெபக்குமார் பார்த்தது தெற்கே, நல்ல மழையில்.

“சாக்லேட் கலருய்யா. நான் கண்ணால கண்டேன்லா.”

“உங்க ஊர்ல மஞ்சளுக்குப் பேரே அதுதானுங்களா?” என்றார் சாமியப்பன்.

அப்பா சசிகுமாரிடம் கையை நீட்டினார். அஞ்சலட்டையை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவர்களைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போனார். வெளிநாட்டுக்காரனுக்குச் செய்கிற மாதிரியே சின்னத் துணித்துண்டுகளில் மூன்று விதமான ஆரஞ்சு போட்டு, ஏ, பி, சி என்று அட்டையில் ஒட்டி நீட்டினார். டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது என்று வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். பி-தான் கார் என்றார்.

சசிகுமார் மயங்கியே போனார். இவ்வளவு நுணுக்கமாகச் சாயம் கூட்டுகிறவர் தப்பாகச் சொல்லமாட்டார் என்று அட்டையில் ‘பி ஓகே’ எழுதிக் கையெழுத்தும் போட்டார். வெள்ளிக்கிழமை காலை பெயிண்ட் அடிக்கிறோம், மாத முதல் ஞாயிறு அவிநாசியிலிருந்து பழைய பாதையிலேயே ஓட்டப்போகிறோம், டிரைவர் பக்கத்து சீட் உங்களுக்குத்தான் என்றார். அந்த சீட்டுக்காகத்தான் சாமியப்பனும் இத்தனை நாள் சசிகுமார் பின்னாலேயே அலைந்திருக்கிறார். இரண்டாவது டீயைத் தொடாமலே போய்விட்டார்.

மூன்று நாள் அப்பா தரையில் நடக்கவில்லை. ராலிக்கு எந்தச் சட்டை போடுவது என்று என்னிடம் கேட்டார். குரங்குக் குல்லா போடுங்கள், ராலிக்காரர்கள் எல்லாம் போடுவார்கள் என்றேன். நம்பிப் பெட்டியெல்லாம் தேடினார்.

புதன்கிழமை ராத்திரிச் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா உப்பைச் சோதித்தாள், உப்பு சரியாகத்தான் இருந்தது. விஷயம் மறுநாள் காலை என்னிடம் வந்தது. கம்பெனிக்கு வெளுத்துப்போன டீ சர்ட் ஒன்று புகாராகத் திரும்பி வந்திருக்கிறது. வழக்கம்போல் அப்பா தையலைப் பிரித்து மடிப்புக்குள் பார்த்திருக்கிறார். அந்த நிமிஷம் அவருக்கு அந்தக் காரின் கதவு ஞாபகம் வந்துவிட்டது. டயர் மாற்ற அவர்கள் கதவைத் திறந்தபோது உள்விளிம்பு மஞ்சளாயிருந்தது. உள்ளே வேறு பெயிண்ட் போலிருக்கிறது என்று பதினேழு வயதில் நினைத்ததோடு சரி. இத்தனை வருடமாக ஊரான் துணியையெல்லாம் திருப்பிப் பார்த்தவர், தன் காரை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

“அன்னைக்கி மண்ரோட்டுல வந்த வண்டி கண்ணு. மேல இருந்தது பூராச் செம்மண்ணா இருந்தா?”

“இருந்துட்டுப் போவட்டும். யாருக்குத் தெரியப்போவுதுங்க? சீட்ல ஏறி உக்காருங்க.”

“எனக்குத் தெரியுமில்ல.”

அதற்கு மேல் எனக்குக் குறும்பு வரவில்லை. அவர் சாயப் பட்டறைக்கும் நான் பனியன் கம்பெனிக்கும் லீவு போட்டோம். அப்பா ஒரு முழம் எலுமிச்சை மஞ்சள் துணியும், பி சாயத்தில் மிச்சமிருந்த ஒரு துண்டும் எடுத்துக்கொண்டார். டி.வி.எஸ். ஐம்பதில் குண்டடம் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பழைய ராலி ரோட்டில் தார் போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் போகிற ஒரு வண்டித்தடம் மட்டும் அதே செம்மண்ணாகக் கிடந்தது. துணியை ஒரு பலகையில் இழுத்துக் கட்டி, பின்னால் உட்கார்ந்து நான் பிடித்துக்கொள்ள, அந்தத் தடத்தில் அப்பா முறுக்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, மாராப்பால் வாயை மூடிக்கொண்டு, ஏனுங்க துணி காயலீங்களா என்று கேட்டாள். ஐந்தாவது சுற்றில் என் பல்லிலும் மண்.

வண்டியை நிறுத்தி, வெயிலில் பலகையைச் சாய்த்து, பக்கத்தில் பி துண்டை வைத்தார். எனக்கு இரண்டும் ஒரே துணி என்றுதான் பட்டது. அப்பா குனிந்து, நிமிர்ந்து, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். கடைசியில் மடக்கிக் கட்டியிருந்த ஓரத்தை விரலால் பிரித்தார். உள்ளே சுத்தமான மஞ்சள்.

அழுதுவிடுவாரோ என்று பயந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. மண்ணை எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறேன் பார் என்றார்.

அங்கேயே நின்று சசிகுமாருக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆரஞ்சு பெயிண்ட் கலக்கி வைத்தாகிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்.

“அத வேற எதுக்காச்சும் வெச்சுக்கங்க. நான் பாத்தது மண்ணுங்க. சாமியப்பண்ணன் சொன்னதுதான் கலரு.” பலகை மேலிருந்த மண்ணை விரலால் தட்டினார். “சீட்டும் அவருக்குத்தானுங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கிண்டலுக்கு ஏழெட்டு வரி தயாராக இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. குரங்குக் குல்லா பொய் என்பதை மட்டும் சொன்னேன். தெரியும் என்றார்.

மறுநாள் கம்பெனியிலும் அவரே போய்ச் சொல்லிவிட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே, ஜெர்மன்காரன் மண் கேட்டால் அனுப்ப முடியுமா, அது ஆரஞ்சாகவே இருக்கட்டும் என்றாராம். வீட்டில் அம்மாவின் கோர்ட் கொஞ்சம் கடுமையானது.

“மண்ணப் பாக்கறதுக்கு எதுக்குங்க மண்ண விட்டுட்டு வந்தீங்க?”

அப்பா தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அந்த ஞாயிறு வந்தது. நாங்கள் மூன்று பேரும் பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் மற்ற ஜனங்களோடு நின்றோம். பார்க்கிறவராகப் போவதில் தப்பில்லை என்று அப்பாவே கிளம்பியிருந்தார். அவிநாசியிலிருந்து வந்த கார் மஞ்சள் மஞ்சளாக மின்னியது. எங்களைப் பார்த்ததும் நின்றது. சாமியப்பன் கதவைத் திறந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். ஜெபக்குமார் பின்னால் வந்த வேனிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னும் சாக்லேட் என்றே வாதாடிக்கொண்டிருந்தார்.

“ஏறுங்க மாஸ்டர்,” என்றார் சாமியப்பன்.

“அதெல்லாம் வேண்டாமுங்க. பேசுன பேச்சு பேசுனதுதான்.”

“இருவத்திரண்டு வருசமா மஞ்சள்னு சொல்லி நான் பைத்தியக்காரன் பட்டம் வாங்கியிருக்கறேன். நீங்க ஒருத்தருதான் போன் போட்டு அப்பிடி இல்லீன்னீங்க. நான் பாத்த ஊர்ல இருந்து நான் வந்துட்டேன். நீங்க பாத்த ஊருக்கு நீங்க போங்க.”

அப்பா செருப்பைக் கழற்றினார். கார்தான், கோயில் இல்லை, போட்டுக்கொண்டே ஏறுங்கள் என்று நான் அவரை உள்ளே தள்ளிவிட வேண்டியிருந்தது. சசிகுமார் பெல்ட்டை மாட்டினார். அப்பா முதல் காரியமாகக் கதவு விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

குண்டடத்துக்கு முன்னால் கடைசி மூன்று மைல் காட்டுத்தடத்தில் வேகமாக ஓட்டுவதாக ஏற்பாடு. அம்மாவும் நானும் வேனில் முன்கூட்டியே போய் அதில் ஒரு வளைவில் நின்றோம். தூரத்தில் புழுதிதான் முதலில் தெரிந்தது. அப்புறம் சத்தம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண் மூடித் திறப்பதற்குள் கார் எங்களைத் தாண்டிப் போயிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் தலை முதல் கால் வரை செம்மண்ணாக நின்றோம்.

அப்பா நம்மைப் பார்த்துக் கையாட்டினார் என்கிறாள் அம்மா. கண்ணை இறுக மூடிக்கொண்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது நான் கண்ணால் கண்டது. இன்றைக்கு வரைக்கும் இதில் எங்களுக்குள் சண்டைதான். அப்பாவைக் கேட்டால், வண்டி அந்த வளைவில் ஒரு பக்கமாக எப்படித் திரும்பியது என்று இரண்டு கையையும் சாய்த்துக் காட்ட ஆரம்பித்துவிடுகிறார்.