கலர் டாக்டரின் சுத்தமான படம்

ஸ்கேன் படம் பார்த்து நோய் சொல்லும் அந்த டாக்டருக்கு, கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கலர் டாக்டர். விலை குறைந்த மிஷினைக் கண்டாலே முகம் சுளிப்பார். அல்ட்ராசவுண்ட் அவருக்கு ஏழை வீட்டு டி.வி. பெட் ஸ்கேன் வந்த பிறகு சி.டி.யையும் கறுப்பு வெள்ளை என்று ஒதுக்கிவிட்டார். பெட் என்றால், சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி, புற்று அதைத் தின்று மினுங்குவதைக் கலரில் படம் பிடிப்பது. நன்றாக மினுங்கிய வயிறுகளையும் ஈரல்களையும் சட்டம் போட்டு, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மாட்டியிருந்தார். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். என்ன ரசனையோ.

கீழ்த்தளத்தில், வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி டாக்டரை இவர் மனிதராகவே மதித்ததில்லை. அவர் வெறும் குழாய்.

வேலைக்குப் போய் இவரைப் படிக்கவைத்த அக்காவுக்கு இரைப்பையில் புற்று வந்தது. அது இரைப்பைச் சுவருக்குள்ளேயே நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்பதுதான் கேள்வி. உள்ளே நின்றால் நேராக ஆபரேஷன். தாண்டியிருந்தால் முதலில் கீமோ மருந்து.

குழாய் டாக்டர் படியேறி வந்தார். "சார், இவங்களுக்கு வந்திருக்கிற வகை சர்க்கரைய அவ்வளவா எடுக்காது. பெட்ல மினுங்கலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. தூரத்துல பரவியிருக்கான்னு சி.டி.ல பாருங்க. சுவர்ல எவ்வளவு ஆழம்னு நான் குழாய் முனையில அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாத்துச் சொல்லிடறேன்."

"எங்க அக்கா வயித்துல நீங்க இருட்டுல தடவ வேண்டாம்."

பெட் படத்தில் இரைப்பை மினுங்கவே இல்லை. மினுங்கியது இவர் முகம்தான்.

"சுத்தமா இருக்குக்கா. ஆரம்பம்தான். வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது."

"கீழ இருக்கற டாக்டர் வேற என்னமோ பாக்கணும்னாராமே?"

"நாலு பேர் வாயில குழாய விட்டாத்தான் அவருக்குச் சோறு இறங்கும்."

அக்கா சிரித்தாள். தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆபரேஷன் செய்யும் டாக்டரும் மறுபேச்சுப் பேசவில்லை. இவர் அனுப்பும் நோயாளிகள் நின்றுபோனால் என்ன ஆவது?

வயிற்றைத் திறந்தார்கள். புற்று சுவரைத் தாண்டி, குடலைப் போர்த்திய சவ்வெங்கும் மணல் இறைத்ததுபோல் கிடந்தது. எதையும் தொடாமல் மூடித் தைத்தார்கள். இனி அந்த வீண் காயம் ஆறும்வரை மருந்தும் ஏற்ற முடியாது.

கலர் டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். அப்போதும் அவர் வாயில் மன்னிப்பு வரவில்லை. "இந்த வகை கொஞ்சம் அபூர்வம்கா. மிஷின் மேல தப்பு சொல்ல முடியாது."

அக்கா தையல்மேல் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"படம் வச்சிருக்கியா?"

எடுத்துக் கொடுத்தார். அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"நல்லா வந்திருக்குடா. சட்டம் போட்டு மாட்டிக்க. என்னைப் பாக்கறதுக்குக் கீழ இருக்கற டாக்டர வரச்சொல்லு."