லூர்துசாமி சாரின் மறுப்புரை

கடலூர் முதுநகர் லூர்துசாமியை வாதத்தில் ஜெயித்தவர் கிடையாது. நிறுத்தம் தாண்டிப் போய் நிறுத்தும் நடத்துநர், பழைய மீனைப் புது மீன் என்று சாதிக்கும் அம்மாள், பங்குக் கோயில் பாடகர் குழுத் தலைவர் எல்லோரும் அவரிடம் தோற்றவர்கள்தான். சிதம்பரத்துக்குச் சற்று முன்னால், வயலை நிரவிக் கட்டிய ஒரு தனியார் கல்லூரியில் அவர் ஆங்கில விரிவுரையாளர். பல வருடமாக அதே மேசை, ஆட்டம் காணும் அதே நாற்காலி.

அவர் உயிரை வைத்திருக்கும் பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்து எழுதியவர்கள் எதிராளியின் வாதத்தை எப்படி உடைத்தார்கள் என்று மாணவர்கள் ஆராய்ந்து கட்டுரை எழுத வேண்டும். பிள்ளைகள் எழுதி வருவதைப் படித்தால் அவருக்கு வயிறு எரியும். உடைப்பதற்காகத்தான் நூலாசிரியர், அடிமைகளை வைத்திருக்கும் ஆண்டையின் பேச்சை எடுத்துச் சொல்லியிருப்பார்: 'நாங்கள் சோறு போடுகிறோம், நோயென்றால் மருந்து கொடுக்கிறோம், வெளியே போனால் இவர்களை யார் பார்ப்பார்கள்?' பிள்ளைகள் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, 'இவ்வாறு ஆசிரியர் அடிமைமுறையின் நன்மைகளை அழகுற விளக்குகிறார்' என்று முடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தக் கட்டுரையிலும் நன்மைகளைத் தேடியே பழகிய பிள்ளைகள். நூலகத்தின் நன்மைகள், பசுவின் நன்மைகள், மழைநீர்ச் சேமிப்பின் நன்மைகள். அந்த வரிசையில் அடிமைமுறையும் போய் உட்கார்ந்துவிட்டது.

லூர்துசாமி விடமாட்டார். ஆண்டை பேசும் வரிக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு, பதிலுக்குப் பச்சை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியாக வேண்டும் என்ற பழைய ஆசையைப் பிள்ளைகளின் தாளில் தீர்த்துக்கொள்கிறார் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். உண்மைதான்.

அண்ணாகிராமத்திலிருந்து வரும் அனுப்பிரியாவின் கட்டுரையில் சிவப்பு மட்டும்தான் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டார்.

"பதில் எங்கம்மா?"

"தெரியல சார். சோறு போடறாங்க, வைத்தியம் பாக்கறாங்க. அப்புறம் தப்புன்னு எப்படி சொல்றது? எங்கப்பா வேல செய்யற முந்திரி கம்பெனிலயும் மொதலாளி நல்லாத்தான் பாத்துக்கறாரு."

"நாளைக்கு வரமாட்டேன்னு ஒங்கப்பா சொன்னா, புடிச்சி வெச்சிக்குவாரா?"

"அதெப்படி சார் வெச்சிக்குவாரு?"

"அதான் பதில். சோத்தப் பத்திப் பேசவே பேசாத. நல்ல சோறாவே இருக்கட்டும், ஒத்துக்க. போறேன்னு சொன்னா வுடுவியான்னு ஒரே கேள்வி கேளு. வாயடைச்சிப் போவான்."

அவள் முகம் தெளிந்தது. மறுநாள் திருத்தி எழுதிவந்த கட்டுரை உண்மையிலேயே நன்றாக இருந்தது. லூர்துசாமி அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார், யாரும் கேட்காமலே.

அந்த வாரம்தான் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு உதவிபெறும் பள்ளியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஆங்கில ஆசிரியர் வேலை. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஓய்வு பெறும்வரை யாரும் அசைக்க முடியாது. அவர் வயதுக்கு இன்னொரு அழைப்பு வரப்போவதும் இல்லை. வியாழக்கிழமை அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும் என்றார்கள்.

அசல் இருந்தது கல்லூரியின் இரும்பு பீரோவில். வேலைக்குச் சேரும் அன்றே பட்டச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது அந்தக் கல்லூரியின் வழக்கம். நடு வருடத்தில் ஆசிரியர் ஓடிவிடக் கூடாதாம். இதை அடிமைமுறை என்று சொன்னால் சாட்டையடி பட்டவர்களுக்கு அவமானம், ஆகவே சொல்லவில்லை. அசிங்கம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

தாளாளர் ராமாமிர்தம் அன்பானவர். அதுதான் சிக்கல். சான்றிதழ் கேட்டு வந்த லூர்துசாமியை உட்காரவைத்துக் காபி வரவழைத்தார்.

"என்னா சார் கொறை ஒங்களுக்கு? கொரோனாவுல மத்த காலேஜெல்லாம் தொரத்துனாங்க, நாங்க வெச்சிருந்தோம். ஒங்க வூட்டம்மா ஆபரேஷனுக்கு வேன் அனுப்புனது யாரு? சர்டிபிகேட் ஒங்க வீட்ல இருந்தா இந்நேரம் கரையான் தின்னிருக்கும். இங்க பத்திரமா இருக்கு. நாம ஒரு குடும்பம் சார்."

அந்த ஒரே கேள்வி லூர்துசாமியின் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் எதிராளி சொல்வதை முதலில் முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா, ஒப்புக்கொண்டார். "உண்மைதாங்க சார், மறக்க முடியுமா?" என்று தொடங்கி, புயலில் கூரை போனபோது தார்ப்பாய் கொடுத்தது, பையனுக்குப் பள்ளியில் இடம் வாங்கித் தந்தது என்று தாளாளரே மறந்துபோன உபகாரங்களையெல்லாம் வரிசையாக எடுத்துச் சொன்னார். தாளாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்தது உடைக்க வேண்டிய இடம். அதற்குள் காபி தீர்ந்துவிட்டது. லூர்துசாமி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். தாளாளர் பெருந்தன்மையோடு, நகல் எடுத்துத் தரும்படி அலுவலகத்துக்குச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை நகலைப் புரட்டிய பள்ளி அலுவலர், "ஒரிஜினல் எங்க சார்?" என்றார்.

"காலேஜ்ல இருக்குங்க. பத்திரமா இருக்கட்டும்னு அவுங்களே வெச்சிருக்காங்க. ரொம்ப நல்லா பாத்துக்கறவங்க."

"இருக்கட்டும் சார். அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன், போயி வாங்கிட்டு வந்துடுங்க. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்புடுவோம்."

லூர்துசாமி சிதம்பரம் பேருந்தைப் பிடித்தார். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் தாளாளரைப் பலமுறை தோற்கடித்துவிட்டார். கல்லூரி வாசலில் இறங்கினால் இடது பக்கம் அலுவலகம், வலது பக்கம் வகுப்பறை. காலைக்குத்தான் விடுப்பு சொல்லியிருந்தார். பிற்பகல் வகுப்பு அவருடையது, போகாவிட்டால் முழு நாள் விடுப்பாக்கிவிடுவார்கள். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலது பக்கம் திரும்பினார். லூர்துசாமியைத் தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், உலுக்க அங்கே ஆளில்லை.

வகுப்பு பாதியில் இருக்கும்போது, தர ஆய்வுக்கு வந்திருந்த ஒரு பெரிய மனிதரை அழைத்துக்கொண்டு தாளாளர் உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"இவரு நம்ம லூர்துசாமி சார். எங்க கூப்ட்டாலும் போவ மாட்டாரு. எத்தினியோ வருஷமாச்சி, இங்கேர்ந்து போவணும்னு அவருக்கே தோணுனதில்ல."

"அப்படியா சார்?" என்று வந்தவர் லூர்துசாமியைப் பார்த்துக் கேட்டார்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. மஞ்சக்குப்பத்தில் அந்த அலுவலர் இன்னும் உட்கார்ந்திருப்பார். முதல் பெஞ்சில் நின்ற அனுப்பிரியா, சார் இப்போது என்ன பதில் சொல்லப் போகிறார் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க சார்," என்றார் லூர்துசாமி.